அஞ்சலிக்கு முன் போட்ட ஊசி

அத்தியாயம் 12

ஊசி போட்டால் அரை மணிக்குள் சாப்பிட்டாக வேண்டும். கல்பனா அந்த வீட்டில் போட்ட ஒரே சட்டம் அது.

அண்ணன் ஜம்புநாதன் போட்டதும் ஒரே சட்டம்தான். வெளியே ஒருத்தருக்கும் தெரியக் கூடாது.

ஆகஸ்டில் சஹானாவுக்குச் சர்க்கரை என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து இரண்டு சட்டங்களும் ஒன்றோடொன்று மோதாமல்தான் ஓடிக்கொண்டிருந்தன. இந்த வியாழக்கிழமை மோதிக்கொண்டன.

"வயித்துல வேண்டாம் அத்தை. கொசுவம் கலைஞ்சிடும். கையில போடு."

சஹானா அம்மாவின் மஞ்சள் புடவையில் நின்றாள். ஒன்பதாம் வகுப்பு. இன்று புடவை கட்டியதும் ஆளே மாறிப்போய் கல்லூரிப் பெண் மாதிரி இருந்தாள். இன்று எந்தப் பள்ளிப் பெண்ணும் யூனிஃபார்மில் இருக்கப் போவதில்லை. கல்கத்தா முழுக்க சரஸ்வதி பூஜை.

"வேலை செய்யற கைன்னா வேகமா இறங்கும்" என்று சொல்லிக்கொண்டே கல்பனா ஊசியைச் செருகி எடுத்தாள். "வா, இட்லி ஆறிப்போகுது."

"டப்பாவுல வெச்சுக் குடு. அங்கே போய்ச் சாப்பிடறேன். அல்போனா போட நேரமாச்சு. மௌஷுமி கீழே நிக்கறா."

அல்போனா என்றால் பெங்காலிக் கோலம். இந்த வருஷம் சாமி முன்னால் போட சஹானாவைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள். திருச்சிப் பெண்ணின் கோலக் கைக்குப் பள்ளியில் அவ்வளவு மரியாதை.

கல்பனாவுக்கு ஒரு சந்தேகம் வந்தது. "ஏன் அண்ணி, பூஜைங்கறாங்களே, விரதம் கிரதம் ஏதாவது உண்டா?"

வத்சலா அடுப்படியிலிருந்தே சிரித்தாள். "சரஸ்வதி பூஜைக்கு என்னடி விரதம்? அக்டோபர்லயே புஸ்தகத்தை அடுக்கி சுண்டல் தின்னு முடிச்சாச்சு. இவங்களுக்குத் தையில வருது, அவ்வளவுதான். சாமி ஒண்ணுதானே."

அதுதான் அவர்களுக்கு இந்த ஊரில் முதல் தை. போன மே மாதம்தான் ஜம்புநாதனுக்குச் சுங்க இலாகாவில் கல்கத்தா மாற்றல் வந்தது. லேக் மார்க்கெட் பின்சந்தில் இரண்டாம் மாடி. கணவனோடு ஒத்துவராமல் திரும்பி வந்த தங்கையையும் கூடவே அழைத்து வந்து, நர்ஸ் படிப்பைச் சொல்லி, பிள்ளைகள் படிக்கும் பவானிபூர் பள்ளியிலேயே சிக் ரூமில் உட்கார வைத்தார். தங்க இடம், தின்னச் சோறு, செய்ய வேலை. மூன்றையும் கொடுத்தவர் சொல்லும்போது கல்பனாவால் எதிர்த்துப் பேச முடிவதில்லை.

விரதப் பேச்சு எழுந்ததும் சஹானா குனிந்து சேஃப்டி பின்னைச் சரி செய்துகொண்டாள்.

"மறக்காம தின்னுடு" என்றாள் கல்பனா.

"சரி அத்தை."

இன்று வகுப்பு கிடையாது. அதனால் சிக் ரூமும் கிடையாது. சாவி கல்பனாவின் கைப்பையில் இருந்தது.

*

"கேட்டுக்கோ, ஒரு பிஸ்கட் தின்னிருந்தாலும் சாமிக்குப் பூ அஞ்சலி குடுக்கக் கூடாது" என்றாள் மௌஷுமி, கோலமாவைக் குழைத்தபடி. "போன வருஷம் ஒருத்தி தின்னுட்டுப் பூ போட்டா. கணக்குல முட்டை."

"நானும் உபோஸ்தான்" என்றாள் சஹானா. உபோஸ் என்றால் விரதம்.

பக்கத்தில் இருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"யாரு, நீயா? தினம் பத்தரை ஆனா நர்ஸ் அத்தை ரூமுக்குப் போய் ஒளிஞ்சு தின்னுட்டு வர்ற ஆளு?"

சிரித்தார்கள். சஹானாவும் சேர்ந்து சிரித்தாள். ஆறு மாதமாக இந்தச் சிரிப்புதான். அவள் ஏன் தினமும் பத்தரைக்குத் தின்கிறாள் என்பதற்கு ஒரு பதில் இருந்தது. அதைச் சொல்ல அப்பா விடவில்லை. சொல்ல முடியாதவள் இன்று ஒரு நாளாவது மற்றவர்கள் மாதிரி இருந்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தாள்.

கணக்கும் போட்டுத்தான் வைத்திருந்தாள். எட்டரைக்கு அஞ்சலி. ஒன்பதுக்குள் முடிந்துவிடும். முடிந்த கையோடு டப்பாவைத் திறந்தால் போயிற்று. கொஞ்சம் தாமதம்தான். முன்பு ஒன்றிரண்டு முறை அப்படி ஆனதுண்டு, ஒன்றும் ஆகவில்லை.

புரோகிதர் வந்திருந்தால் அந்தக் கணக்கு சரியாகக்கூட இருந்திருக்கும்.

சரஸ்வதி பூஜை அன்று கல்கத்தாவில் புரோகிதர் கிடைப்பது லாட்டரி. சைக்கிளில் போகிறவரை நடு ரோட்டில் மறித்து அப்படியே அலாக்காகத் தூக்கிப் போய்விடுவார்கள். பள்ளிக்கு வர வேண்டியவரை ஹாஸ்ரா பக்கம் ஏதோ ஒரு கிளப் பையன்கள் மடக்கிவிட்டார்கள் என்று செய்தி வந்தது. அங்கே முடித்துவிட்டுத்தான் விடுவார்களாம்.

ஒன்பதரை. பத்து.

சஹானாவின் கழுத்து வேர்த்தது. தைக் குளிரில் மற்றவர்கள் சால்வை போர்த்தியிருந்தார்கள். அவளுடைய ரவிக்கை முதுகோடு ஒட்டியிருந்தது.

"ஏண்டி கை இப்படி நடுங்குது? கோடு எங்கெங்கேயோ போகுது பார்" என்றாள் மௌஷுமி.

"உன் வேலையைப் பார்" என்று எரிந்து விழுந்தாள் சஹானா. அவள் அப்படிப் பேசுகிறவள் இல்லை. பிறகு எதையோ சொல்ல வாயெடுத்தாள். வார்த்தை குழறியது. தமிழா பெங்காலியா என்று தெரியாத ஒரு வாக்கியம் வந்தது. பெண்கள் மறுபடியும் சிரித்தார்கள்.

டப்பா பையில் இருந்தது. பை சுவரோரம் இருந்தது. அவள் அதையே பார்த்தாள். அது எதற்கு என்பது அவளுக்கு மறந்துபோயிருந்தது.

புரோகிதர் மூச்சிறைக்க வந்து உட்கார்ந்து, எல்லோர் கையிலும் பூவைக் கொடுக்கச் சொன்னார். சஹானாவின் வலது கையில் செண்டுமல்லி இதழ்களை யாரோ திணித்தார்கள். முதல் மந்திரம் முடிவதற்குள், தான் போட்ட அல்போனாவின் மேலேயே அவள் விழுந்தாள்.

*

பழம் நறுக்கிக்கொண்டிருந்த அண்ணன் அனந்த் ஓடி வந்தான். பதினோராம் வகுப்பு. சட்டையில் தொண்டர் என்பதற்கு அடையாளமாக மஞ்சள் ரிப்பன் பேட்ஜ். கூட்டத்தை விலக்கிப் பார்த்தபோது தங்கையின் கண் மேலே செருகியிருந்தது. வலது கை பூவோடு இறுகி மூடியிருந்தது.

"வெறும் வயிறு. தலை சுத்தியிருக்கும்" என்றாள் சுதபா மிஸ். பெங்காலி டீச்சர். தட்டிலிருந்து ஒரு சந்தேஷை எடுத்து நசுக்கி, சஹானாவின் உதட்டருகே கொண்டு போனாள். "சாமிப் பிரசாதம். கொஞ்சம் உள்ளே போனா சரியாயிடும்."

அனந்த் அந்தக் கையைத் தட்டிவிட்டான்.

சந்தேஷ் தரையில் போய் விழுந்தது.

"என்னடா இது?"

"அவளுக்கு இனிப்பு கூடாது மிஸ்."

"ஏன் கூடாது?"

ஏன் என்று சொல்ல அவனுக்கு அனுமதி இல்லை. "ஒத்துக்காது" என்றான்.

பின்னால் ஒரு குரல் கேட்டது. "மதராசிங்க நம்ம பிரசாதம் தொட மாட்டாங்க மிஸ், தெரியாதா?"

சுதபா மிஸ்ஸின் முகம் சுருங்கிவிட்டது. பிறகு அவள் எதையும் கொடுக்க முன்வரவில்லை. தண்ணீர் தெளித்தாள். விசிறினாள். நாலு பேர் சேர்ந்து சஹானாவைத் தூக்கிக்கொண்டு போய், பூட்டியிருந்த சிக் ரூம் வாசலில் பெஞ்சில் படுக்க வைத்தார்கள்.

அனந்த் ஆபீஸ் ரூமிலிருந்து வீட்டுக்குப் போன் செய்தான். எதிரே ஹெட்மிஸ்ட்ரஸ் உட்கார்ந்திருந்தார். தமிழ் புரியாதவர் என்பதால் தைரியமாகப் பேசினான்.

"அம்மா, சஹானா மயங்கி விழுந்துட்டா."

"ஐயோ. இனிப்பு ஏதாவது தின்னாளா?" என்றாள் வத்சலா.

"குடுக்க வந்தாங்க. நான் விடலை."

"நல்ல காரியம் பண்ணினே. ஒண்ணும் குடுக்காதே. அத்தை கடைக்குப் போயிருக்கா. கையோட கூட்டிட்டு வரேன்."

"டாக்டரைக் கூப்பிடட்டுமான்னு ஹெட்மிஸ்ட்ரஸ் கேக்கறாங்க."

வத்சலாவின் குரல் தாழ்ந்தது.

"வேண்டாம்டா. டாக்டர் வந்தா ரத்தம் எடுப்பான், எல்லாம் வெளியே வந்துடும். அப்பா நம்மளைக் கொன்னுடுவாரு. அத்தை வரட்டும்."

அனந்த் போனை வைத்தான். "லோ பிரஷர் மேடம். அடிக்கடி வரும். எங்க அத்தை வந்துக்கிட்டே இருக்காங்க."

ஹெட்மிஸ்ட்ரஸுக்கு நிம்மதியாகிவிட்டது. பள்ளி நர்ஸே அந்தப் பெண்ணின் அத்தைதானே.

*

லேக் மார்க்கெட்டில் முருங்கைக்காயும் காப்பிப்பொடியும் விற்கும் கடை வாசலில் கல்பனாவைக் கண்டுபிடிக்க வத்சலாவுக்கு மூன்று சந்து அலைய வேண்டியிருந்தது.

"கல்பனா, பள்ளிக்கூடத்துல மயங்கி விழுந்துட்டாளாம்."

"இட்லி தின்னாளா?"

"எல்லாரும் அங்கே பட்டினியாம்டி. ஏதோ உபோஸாம். இவளும் அப்படியே இருந்திருக்கா போல."

கல்பனாவின் கையிலிருந்த முருங்கைக்காய் நழுவியது. ஊசி உள்ளே போயிருக்கிறது. சோறு போகவில்லை. ரத்தத்தில் இருந்த சர்க்கரையை எல்லாம் அந்த ஊசி இந்நேரம் தின்று தீர்த்திருக்கும்.

"அண்ணி, யாராவது சர்க்கரைத் தண்ணி, மிட்டாய், ஏதாவது வாயில வெச்சாங்களா?"

"நல்ல வேளை, அனந்த் விடலை. தட்டி விட்டுட்டானாம்."

அந்தப் பெருமையைப் பார்த்துக்கொண்டு கல்பனாவால் நிற்க முடியவில்லை. டாக்ஸியை நோக்கி ஓடினாள்.

ஆகஸ்டில் ஒரு சாயங்காலம் அவள் அனந்தை உட்கார வைத்துச் சொன்னாள். இனிப்பு இனிமே அவளுக்கு விஷம்டா, சாக்லேட் எதுவும் பகிர்ந்துக்காதே. அது பாதிப் பாடம். மீதிப் பாதியையும் ஆரம்பித்திருந்தாள். என்னிக்காவது வேர்த்து, நடுங்கி, உளறினா அன்னிக்கு மட்டும் இனிப்புதான் அவளுக்கு மருந்து, ஓடிப்போய்...

ஜம்புநாதன் பேப்பரைக் கீழே வைத்தார். "போதும். பையன் காதுல எல்லாத்தையும் போடாதே. சிநேகிதன்கிட்ட உளறிட்டு வருவான். நாளைக்கு இவளுக்கு ஒரு இடம் பார்க்கும்போது எவன் எவனோ வந்து சொல்லுவான்."

கல்பனா நிறுத்திக்கொண்டாள். அன்று இரவு அண்ணன் வீட்டுச் சோறுதான் சாப்பிட்டாள்.

"ஜல்தி" என்றாள் டிரைவரிடம்.

ஹாஸ்ரா தாண்டுவதற்கு முன்பே டாக்ஸி நின்றுவிட்டது. குறுக்கே பந்தல். மஞ்சள் புடவைகளும் ஒலிபெருக்கியுமாகத் தெருவே அடைத்திருந்தது. டிரைவர் ஹாரனை அமுக்கிவிட்டுக் கையை விரித்தான். கல்பனா கதவைத் திறந்துகொண்டு இறங்கி ஓடினாள். பின்னால் வத்சலா கூப்பிட்டுக்கொண்டே வந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

பள்ளி வராந்தாவில் கிச்சடி வாசனை. அஞ்சலி முடிந்து எல்லோரும் பந்தியில் உட்கார்ந்திருந்தார்கள். சிக் ரூம் வாசலில் பெஞ்சு. அதில் சஹானா. கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தன. அனந்த் அவள் தலையைப் பிடித்துக்கொண்டு, வாயருகே யாரையும் வர விடாமல் காவல் இருந்தான்.

"ஒண்ணுமே குடுக்கலை அத்தை. ஒரு பொட்டுகூட" என்றான்.

கல்பனா அவன் முகத்தைப் பார்க்காமல் பூட்டைத் திறந்தாள். பீரோவில் பஞ்சுக் கட்டுகளுக்குப் பின்னால் அவளே ஒளித்து வைத்திருந்த குளுக்கோஸ் ஊசிமருந்து இருந்தது. ஆறு மாதமாக இங்கேதான் இருந்தது. இந்தப் பள்ளியில் இன்னொரு மனிதருக்கு அது இருக்கும் இடம் தெரிந்திருந்தால், அல்லது எதற்கு என்று தெரிந்திருந்தால்.

நரம்பு கிடைத்தது. மருந்து உள்ளே போயிற்று.

சாதாரணமாக ஊசியை எடுப்பதற்குள் கண் திறந்துவிடுவார்கள். ஆஸ்பத்திரியில் எத்தனையோ பேரை அப்படிப் பார்த்திருக்கிறாள். இழுப்பு நின்றது. கண் திறக்கவில்லை. இன்னொன்று போட்டாள். அப்போதும் திறக்கவில்லை.

"என்ன மருந்து அது?" ஹெட்மிஸ்ட்ரஸ் பின்னால் நின்றிருந்தார். "லோ பிரஷர்னு பையன் சொன்னானே."

வத்சலா கல்பனாவின் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள். "லோ பிரஷர்னே சொல்லிடு. வேண்டாம்டி" என்றாள் தமிழில்.

கல்பனா அந்தக் கையை விலக்கினாள். ஆங்கிலத்தில், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். இந்தப் பெண்ணுக்குச் சர்க்கரை வியாதி. தினம் இன்சுலின் ஊசி போடுகிறோம். காலையில் போட்டவள் நான். எனக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும்.

பந்தியில் தலைகள் திரும்பின. சுதபா மிஸ் பாதி நீட்டிய கரண்டியோடு அப்படியே நின்றாள்.

"டெர்ம் ஆரம்பிச்சதும் நூத்துக்கணக்கான அம்மாக்களை உட்கார வெச்சு, எதையும் மறைக்காதீங்க, பள்ளிக்கூடத்துக்குத் தெரிஞ்சாதான் பிள்ளையைக் காப்பாத்த முடியும்னு பேசினது நீங்கதானே" என்றார் ஹெட்மிஸ்ட்ரஸ்.

"நான்தான் மேடம்."

"உங்க வீட்டுல இருக்கறவங்களும் அந்தக் கூட்டத்துல உட்கார்ந்திருந்தாங்க."

வத்சலா தலையைக் குனிந்துகொண்டாள்.

"வண்டி வேணும்" என்றாள் கல்பனா. "மீதியை அப்புறம் கேளுங்க."

வண்டியில் ஏற்றும்போது மௌஷுமி சஹானாவின் பையைக் கொண்டு வந்து கொடுத்தாள். டப்பா கனமாக இருந்தது. நாலு இட்லியும் வைத்தபடி இருந்தன.

*

நர்சிங் ஹோம் வராந்தாவுக்கு ஜம்புநாதன் வந்து சேர்ந்தபோது மத்தியானம் ஆகியிருந்தது. கிதிர்ப்பூர் துறைமுகத்திலிருந்து நேராக வந்திருந்தார். கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. மனைவியைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார், கதவோரம் நின்றிருந்த ஹெட்மிஸ்ட்ரஸைப் பார்த்தார்.

கல்பனாவைத் தனியே இழுத்துக்கொண்டு போனார்.

"யார் யாருக்குத் தெரியும்?"

"உசிரோட இருக்காளான்னு கேளுங்க அண்ணே முதல்ல."

"கேக்கத்தான் போறேன். யார் யாருக்குன்னேன்."

"எல்லாருக்கும். நான்தான் சொன்னேன்."

"என் பொண்ணு வாழ்க்கையை நடுத்தெருவுல வெச்சு ஏலம் போட்டுட்டே."

"நீங்க வாயைப் பொத்தச் சொன்னதும் நானும் பொத்திக்கிட்டேன் பாருங்க, அதுலதான் போச்சு."

அவர் கை ஓங்கியது. பாதியில் நின்றது. டாக்டர் கதவைத் திறந்து உள்ளே வரச் சொன்னார்.

சஹானா கண்ணைத் திறந்திருந்தாள்.

வத்சலா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஜம்புநாதன் கட்டிலுக்கு ஓடினார். "சஹி. அப்பா வந்திருக்கேன் பாரு."

சஹானாவின் கண் அவரிடம் வந்து நின்றது. உதடு கோணிக்கொண்டது. சத்தம் வந்தது. வார்த்தை வரவில்லை.

"அவசரப்படுத்தாதீங்க" என்றார் டாக்டர், வங்காளி வாடையடித்த ஆங்கிலத்தில். "சர்க்கரை இப்போ ஏறிடுச்சு. ஆனா ரொம்ப நேரம் கீழேயே கிடந்திருக்கு. மூளைக்கு வேற சாப்பாடு கிடையாது. கையில உங்க விரலைக் குடுங்க. பிடிக்கச் சொல்லுங்க."

ஜம்புநாதன் இடது கையில் விரலை வைத்தார். சின்ன விரல்கள் மெல்ல வளைந்து பிடித்தன.

"அந்தக் கை."

வலது கை போர்வை மேல் மல்லாந்து கிடந்தது. காலையில் இறுகியிருந்த பிடி எப்போதோ தளர்ந்துவிட்டிருந்தது. நசுங்கிய செண்டுமல்லி இதழ் ஒன்று உள்ளங்கையில் ஒட்டிக் காய்ந்திருந்தது. ஜம்புநாதன் அதன் மேல் விரலை வைத்தார்.

"பிடிம்மா."

அது பிடிக்கவில்லை.

"பிடி கண்ணு. கெட்டியா."

சஹானா தன் கையையே பார்த்தாள், பக்கத்துப் படுக்கைக்காரியின் கையைப் பார்ப்பது போல.

"திரும்பி வரலாம். வராமலும் போகலாம். ரெண்டு மூணு நாள் போகட்டும்" என்றார் டாக்டர். பிறகு கல்பனா பக்கம் திரும்பினார். "நீங்க நர்ஸ்தானே. அவ விழுந்ததுக்கும் நீங்க ஊசி போட்டதுக்கும் நடுவுல இவ்வளவு நேரம் இருந்திருக்கு. பூஜை நடந்த இடம். சுத்தியும் இனிப்பு இருந்திருக்கும். விழுந்த உடனே ஒரு துளி உதட்டுக்குள்ளே தடவியிருந்தாக்கூட இந்த நிலைமை வந்திருக்காது. ஒருத்தருக்குமா தோணலை?"

கதவோரம் நின்ற ஹெட்மிஸ்ட்ரஸ் கல்பனாவைப் பார்த்தார்.

"தோணிச்சு" என்றது ஒரு குரல்.

அனந்த் வாசற்படியில் நின்றிருந்தான்.

"சுதபா மிஸ் சந்தேஷ் கொண்டு வந்தாங்க. உதடு வரைக்கும் வந்திடுச்சு. நான்தான் தட்டிவிட்டேன்."

வத்சலா "டேய்" என்றாள். நல்ல காரியம் பண்ணினே என்று போனில் சொன்னவள் அவள்.

"விஷம்னு சொன்னீங்களே அத்தை" என்றான் அனந்த். குற்றம் சாட்டுகிற குரலில் இல்லை. பாடத்தில் சந்தேகம் கேட்கிற குரலில் கேட்டான்.

ஜம்புநாதன் மகளின் கையிலிருந்து விரலை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். பேப்பரைக் கீழே வைத்துவிட்டுத் தான் சொன்ன அந்த 'போதும்' அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். முகம் சாம்பல் பூத்துப்போயிருந்தது.

"உன் தப்பு இல்லடா" என்றாள் கல்பனா. "நான் பாதிதான் சொல்லிக் குடுத்தேன். மீதியை..."

சஹானாவின் தொண்டையிலிருந்து மறுபடி அந்தச் சத்தம் வந்தது. எல்லோரும் கட்டிலைப் பார்த்தார்கள். நர்ஸ் ஓடி வந்து தலையை ஒருக்களித்துப் பிடித்தாள். டாக்டர் டார்ச்சை அடித்துப் பார்த்தார். வாந்தி. துடைத்தார்கள். மூச்சு சீரானது.

கல்பனா நிமிர்ந்து பார்த்தபோது வாசற்படி காலியாக இருந்தது.

வராந்தாவுக்கு வந்தாள். இரண்டு பக்கமும் பார்த்தாள். அனந்த் உட்கார்ந்திருந்த பெஞ்சில் அவனுடைய மஞ்சள் ரிப்பன் பேட்ஜ் கிடந்தது. பக்கத்தில் வீட்டுச் சாவி. மெட்ரோ பாஸ். சட்டைப் பையில் இருந்தவற்றை எல்லாம், இனித் தேவைப்படாது என்பது போல, வரிசையாக எடுத்து வைத்திருந்தான்.

"ஒரு பையன் இப்பத்தான் படியேறிப் போனான்" என்றாள் தரை துடைத்துக்கொண்டிருந்த ஆயா, ஈரத் துணியைப் பிழிந்தபடி.

வாசல் கீழே இருந்தது. மேலே மொட்டை மாடிதான்.